ஐஸ் பெட்டி வண்டிக்கு ஷாக் மாற்றியது

என் வண்டி வந்து நிற்கும் வீட்டில் யாரும் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். கிளம்பும்போது நானும் "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லை. சாவு நடந்த துட்டி வீட்டில் அந்தப் பேச்சு ஆகாது. ஐஸ் பெட்டியை இறக்கி வைத்து, வயரைச் செருகி, உள்ளே குளிர் ஏறுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இந்தத் தொழில் எனக்குப் பொருந்திப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இழவு விழுந்த வீட்டில் பெட்டிக்காரன் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

சங்கரன்கோவிலில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் என்னோடு சேர்த்துச் சில பேர்தான். என்னிடம் ஒரு பெட்டியும் ஒரு பழைய பிக்கப் வண்டியும் உண்டு. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் தறிகளுக்குப் பாவு பீம் ஏற்றிக்கொண்டிருந்தவர். நூல் சுற்றிய இரும்பு உருளை அது. ஒன்றைத் தூக்கவே ஆள் கூட வேண்டும். அவர் ஒரு நடைக்கு எத்தனை பீம் ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை. வண்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன்.

போன கோடையில் இளையரசனேந்தலுக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். காடுகரை வைத்திருந்த வயதான ஒரு சம்சாரி இறந்திருந்தார். அவருடைய மகன், முப்பத்தைந்து வயது இருக்கும், நான் வயரைச் செருகும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தங்கச்சி குவைத்துல இருக்கா அண்ணாச்சி. ஒரு வீட்டுல சமையல் வேலை. நாளக்கழிச்சு காலைல வந்துருவா. அதுவர தாங்குமா?"

"தாங்கும்" என்றேன்.

அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடுகிறது, பெட்டிக்குள் குளிர் இல்லை. அடியில் குனிந்து டார்ச் அடித்தேன். விரல் பருமன்கூட இல்லாத செம்புக் குழாய், பற்ற வைத்திருந்த இடத்தில் மயிரிழையாக வெடித்திருந்தது. அதைச் சுற்றி எண்ணெய் பிசுக்கு. காஸ் முழுக்க வெளியேறிவிட்டது. வேறு பெட்டிக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். வெயில் கொளுத்திய வாரம். எல்லாப் பெட்டியும் எங்கெங்கோ போயிருந்தது. ஐஸ் கம்பெனியில் பார் பாராக ஐஸ் வாங்கி நானே கொண்டுபோய் இறக்கினேன். அதற்குள் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். முகம் மாற ஆரம்பித்துவிட்டது, இனி வைத்திருக்கக் கூடாது என்று.

"ஏலே, நீ பெட்டி கொண்டாந்தியா, அடுப்பு கொண்டாந்தியா?" என்றார் பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா. ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பெட்டியை ஏற்றப் போனேன். கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கினவளின் தோள் பையில் ஏர்போர்ட் சீட்டு ஒட்டியிருந்தது. அவள் வீட்டுக்குள் போகவில்லை. பெட்டியைப் பார்த்ததும் நேரே என் வண்டிக்கு வந்து, இரண்டு கைகளையும் கண்ணாடி மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். உள்ளே நான் மடித்துப் போட்டிருந்த துண்டு கிடந்தது.

"நேத்தே முடிச்சிட்டோம்ட்டி" என்றான் அண்ணன்.

"எதுக்கு?"

அவன் தாடையால் பெட்டியைக் காட்டினான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையில் கயிற்றின் நுனி இருந்தது. முடிச்சுப் போடவும் தோன்றவில்லை, விடவும் தோன்றவில்லை.

ஊருக்கு வந்து பெட்டியை பிரிட்ஜ் வேலை பார்க்கிறவரிடம் காட்டினேன். அவர் குழாயை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது தானா வெடிக்கல. குலுங்கிக் குலுங்கி அத்துருக்கு. நான் எத்தன தடவ பத்தவச்சாலும் உம்ம வண்டி பின்னால உதறுனா இது நிக்காது" என்றார்.

வண்டி உதறுவது எனக்குத் தெரியாததில்லை. பழகிப்போயிருந்தது. அன்று குனிந்து பார்த்தேன். பின் அச்சுக்கும் மேலே சேஸுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக நின்று குலுக்கலைத் தாங்கும் இரண்டு ஷாக்கும் எண்ணெய் கசிந்து, அதில் புழுதி அப்பி, மண்ணில் புரண்ட மாதிரி இருந்தன.

மெக்கானிக்கிடம் காலையிலேயே கொண்டுபோனேன். பல வருடப் பழக்கம் உள்ளவர்தான். கையைக் காட்டி வண்டியைத் தெருவிலேயே நிறுத்தச் சொன்னார்.

"வே, போனி ஆகல. உம்ம வண்டிய மொதல் வேலையாத் தொட்டா இன்னைக்குப் பூரா எனக்கு எழவு வேலைதான் வரும். மத்தியானத்துக்கு மேல கொண்டாரும்."

எனக்கு அது புதிதில்லை. டீக்கடையிலும் வண்டியைக் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவேன். மத்தியானம் கொண்டுபோனதும் அவரே படுத்துக் கழற்றிக் கொடுத்தார். கழற்றியதை அமுக்கினால் போன இடத்திலேயே நின்றது. திரும்பி வரத் தெம்பில்லை.

எங்கள் ஊரில் சாமான் வாங்கும் முறை ஒன்றுதான். பழசைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் முன்னால் வைத்து, "இதே மாதிரி" என்று சொல்ல வேண்டும். நானும் ஷாக்கை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கடையில் ஆள் குறையும்வரை ஓரமாக நின்றேன். கடைக்காரர் புதுசைப் பழசோடு சேர்த்து நிறுத்தி, மேல் வளையமும் கீழ் வளையமும் நேருக்கு நேர் இருப்பதைக் காட்டினார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. வாங்கி மாட்டினோம்.

பெட்டியையும் சரி பண்ணி ஏற்றியாயிற்று. ஆனால் மனது அடங்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு சொம்பில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, பெட்டிக்குள் துண்டைச் சுருட்டிச் சொம்பு சாயாமல் அண்டை கொடுத்து வைத்தேன். இளையரசனேந்தல் ரோட்டில் தார் பெயர்ந்து கிடக்கும் இடம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். போகும்போதே தெரிந்துவிட்டது. முன்பு வண்டி ஆடும். இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் 'டங்' என்று ஒரு வெட்டு. திறந்து பார்த்தேன். துண்டு நனைந்து, சொம்பில் பாதிக்குக் கீழே தண்ணீர்.

புது ஷாக், அதுவும் பழசின் அச்சு அசல் அளவு. ஏன் இப்படி என்று மெக்கானிக்குக்கும் உடனே பிடிபடவில்லை. "புதுசு அப்பிடித்தான் இருக்கும், ஓட ஓட எளகிரும்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பெண் கண்ணாடி மேல் கை வைத்த இடத்தை நான் அன்றே துடைத்துவிட்டேன். இருந்தாலும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் கை வைக்காமல் தள்ளிப் பிடித்துத் திறந்துகொண்டிருந்தேன்.

பெட்ரோல் பங்கில் வண்டியின் பழைய சொந்தக்காரரைப் பார்த்தேன். அவரே வந்து டயரை உதைத்துப் பார்த்தார். "எப்படி இருக்கா எம் பிள்ள?"

"பின்னால வெட்டுது."

"வெட்டாம? பீம் ஏத்துததுக்குன்னு பட்டைல கூட ரெண்டு சேத்துருக்கேன்லா. லோடு ஏத்தும், அமுங்கி ஓடும். நீரு என்ன ஏத்துதீரு?"

பெட்டி என்றேன். எந்தப் பெட்டி என்று கேட்டார். சொன்னதும் உதைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பார்க்க எனக்கு அதுவரை தோன்றியதில்லை. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். "பட்டை கூடுனா வண்டி மேல தூக்கி நிக்கும்லா. அப்ப பழச வச்சுப் பாத்தது தப்பு. பழசே இந்த வண்டிக்குச் சேராததுதான். எடம் எவ்வளவு இருக்குன்னு அளக்கணும். நீரே அளந்து எழுதிட்டு வாரும். காலைல நான் அடில படுக்க மாட்டேன், மத்தியானம் எனக்கு நேரமில்ல."

வீட்டில் என் மனைவி பிளவுஸ் தைக்கிறாள். அவளுடைய அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பெட்டியை ஏற்றி வைத்தபடிதான் அளந்தேன். வண்டி நிற்கும் நிலையில் மேல் வளையத்தின் நடுவிலிருந்து கீழ் வளையத்தின் நடுவரை பத்தொன்பதரை இஞ்சு இருந்தது. ஷாக் முழுசாக நீண்டாலே இருபதுதான். அரை இஞ்சுதான் மிச்சம். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்க வேண்டுமானால் ஷாக் நீள வேண்டும். இது நீள இடமில்லாமல் கடைசியில் போய் முட்டி, அச்சு முழுவதையும் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தது. பழசும் இப்படித்தான் இழுத்து இழுத்துக் கிழிந்திருக்கிறது. அது கிழிந்தபின் வந்த உதறல்தான் செம்புக் குழாயைப் பிய்த்தது.

மண்ணில் மல்லாந்து கிடந்தபடி கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அரை இஞ்சு. டேப்பில் பார்த்தால் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

"முடிச்சாச்சா?" என்று மனைவி வாசலில் நின்று கேட்டாள். டேப்பைத் துடைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "அத வண்டியிலேயே வச்சுக்கிடுங்க. அத வச்சு ஒரு கல்யாணப் பொண்ணுக்கு நான் எப்படி பிளவுஸ் அளப்பேன்?" அன்றைக்கே பஜாரில் புது டேப் வாங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சாப்பாடும் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

இன்னொரு நாள் மத்தியானத்தில் மெக்கானிக் கூடச் சேர்த்திருந்த இரண்டு பட்டையையும் உருவத்தான் பார்த்தார். ஆனால் வருஷக்கணக்காகப் பீம் ஏறி, அடிப்பட்டைகளே வளைவு போய்ப் படுத்துவிட்டிருந்தன. இரண்டையும் எடுத்தால் வண்டி தரையோடு உட்கார்ந்துவிடும். ஒன்றை மட்டும் எடுத்தார். நான் மறுபடியும் அளந்தேன். நிற்கும்போது பதினேழு. சேஸுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்போது இருபத்தொன்று. அச்சுக்கு மேலே முட்டுக்கு ஒரு ரப்பர் கட்டை உண்டு. அதற்கும் அச்சுக்கும் நடுவில் மூன்று இஞ்சு இடைவெளி. பதினேழில் மூன்று போனால் பதினாலு. ஆக, இழுத்தால் இருபத்தொன்றைத் தாண்ட வேண்டும், அமுக்கினால் பதினாலுக்குக் கீழே போக வேண்டும். அப்படி ஒரு ஷாக் வேண்டும்.

இந்தத் தடவை கடைக்குக் கையில் டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் முதலில், "மாட்டுன சாமான திருப்பி எடுக்கதில்ல" என்றார். திருப்பித் தர வரவில்லை என்றேன். வெவ்வேறு வண்டிகளுக்கு உள்ளதை எடுத்து வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றி அமுக்கி அளந்தேன், விட்டு அளந்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். காது சூடாகியது. இருந்தும் அளந்தேன்.

"ஏ அண்ணாச்சி, பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்தாக்கூட இப்பிடி அளக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர். "இந்தா, இத எடும். காஸ் போட்டது. ஹெவி டூட்டி. ஒரு டன் ஏத்துனாலும் கேக்காது."

"எனக்கு லோடு இல்ல. ஒரு பெட்டிதான். எளக்கமா இருக்கணும்."

"என்ன பெட்டி? முட்டையா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்ததை எடுத்து ஊன்றினேன். காஸ் இல்லாமல் வெறும் ஆயிலில் ஓடுவது ஒன்று, வேறு வண்டிக்கு உள்ளது, அளவுக்கு ஒத்து வந்தது. விரித்தால் இருபத்திரண்டு, அமுக்கினால் பதின்மூன்றரை. வளையத்தின் ரப்பர் புஷ் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மாட்டியதும் சொம்பை வைத்து அதே ரோட்டில் ஓட்டினேன். திறந்து பார்த்தபோது தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. துண்டில் ஒரு ஓரம் மட்டும் ஈரம். சந்தோஷப்படத் தோன்றவில்லை. இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்ற நினைப்புத்தான் வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்திருந்தபோது அதே ஊரிலிருந்து போன் வந்தது. அதே மகன். இந்தத் தடவை அம்மா.

"வேற எங்கயும் பெட்டி கெடைக்கல அண்ணாச்சி. கெடச்சிருந்தா உங்களக் கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றான். உள்ளதைச் சொன்னான்.

ரோடு முழுக்கச் செம்மண் தண்ணீர் நிறைந்த பள்ளங்கள். எங்கே ஆழம் என்று தெரியாமல் இறங்கி ஏறினேன். பின்னால் சத்தம் இல்லை. பந்தலில் அதே தாத்தா இருந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயரைச் செருகினேன், குளிர் ஏறியது. தலையாட்டிவிட்டுக் கிளம்பப் போனவனை மகன் பிடித்துக்கொண்டான்.

"நீங்க இங்கனயே இருங்க. போக வேண்டாம்."

இருந்தேன். வண்டிக்குள் படுத்துக்கொண்டேன். மணிக்கொருதரம் போய்ப் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தேன். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. குறை குவைத்தில் இருந்தது. அப்பாவுக்காக வந்துபோனதில் அவளுடைய லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரே வருஷத்தில் இரண்டாவது தடவை விட மாட்டோம், பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்று வேலை செய்யும் வீட்டில் சொல்லிவிட்டார்கள். இன்று கேட்கிறேன், நாளைக்குக் கேட்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கே எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வரவுதான் இப்போது அம்மாவுக்கு வர முடியாமல் ஆக்கியிருந்தது. இதை யாரும் என்னிடம் எடுத்துச் சொல்லவில்லை. மகன் போனில் பேசுவது வண்டிக்குள் கேட்டது.

மூன்றாம் நாள் மழை விட்டதும் பெரியவர்கள், குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர நீர்மாலை எடுக்கக் கிளம்பலாம் என்றார்கள். மகன் போனில் தங்கையின் முகத்தை வரவழைத்து, பெட்டிக்கு மேலே நீட்டிப் பிடித்தான்.

"ஒண்ணும் தெரியலையே. வெள்ளையா இருக்கு" என்று அவள் குரல் வந்தது.

மழைக் காற்றில் கண்ணாடி முழுக்கப் பனித்திருந்தது. அவன் இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தான். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய் முகத்துக்கு நேரே துடைத்தேன்.

"யாரு கை அது?"

"பெட்டிக்கார அண்ணாச்சிட்டி."

அவள் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. பிறகு, "இடது பக்கம் தொடைக்கச் சொல்லு. அம்மா மூக்குத்தி தெரியல" என்றாள்.

துடைத்தேன். மூக்குத்தி தெரிந்தது. பெட்டி நன்றாகக் குளிர்ந்திருந்ததால் துடைத்த இடம் உடனே மறுபடி மூடியது. திரும்பத் துடைத்தேன். நெற்றியைத் துடைத்தால் வாய் மறைந்தது, வாயைத் துடைத்தால் நெற்றி மறைந்தது. முன்பு அவள் கை வைத்த இடம் அதுதான். அவள் அழுகிற சத்தம் போனில் இரைச்சலாக வந்தது. நான் நிறுத்தவில்லை. துண்டு நனைந்து கனத்ததும் வேட்டி நுனியால் துடைத்தேன்.

"போதும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, அண்ணனிடம் சொன்னாளா தெரியவில்லை.

சாயங்காலம் எல்லாம் முடிந்தபிறகு பெட்டியை ஏற்றிக் கயிறு போட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன். அந்தப் பள்ளங்கள் எல்லாவற்றிலும் வண்டி இறங்கி ஏறியது. பின்னால் எந்தச் சத்தமும் வரவில்லை. பெட்டி இருக்கிறதா என்று சங்கரன்கோவில் வரும்வரை பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்.